டிராக்டருக்கு அகல டயர் போட்டால் மண் இறுகாமல் இருக்குமா, விளைச்சல் கூடுமா?

மேல்மண் தப்பிக்கும். அடிமண்ணை டயர் மட்டும் காப்பாற்றாது. நான் டெல்டாவில் சம்பா நெல்லும் அதன் தாளில் உளுந்தும் போடுகிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டயருக்குள் எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் மேல்மண்ணில் விழும். அகல டயரின் பலனே, குறைந்த காற்றிலும் அது எடையைத் தாங்கும் என்பதுதான். அகல டயரை மாட்டிவிட்டு ரோட்டில் ஓட்டுகிற அதே காற்றோடு வயலில் இறக்கினால் போட்ட காசு வீண். இரட்டை டயரும் அப்படியே. அதிலும் நம் வரப்புக்கும் வயல் பாதைக்கும் இரட்டை டயர் நுழைவதே பாடு. இருக்கிற டயரிலேயே, வண்டியோடு வந்த புத்தகத்தில் வயல் வேலைக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ அதற்குக் காற்றை இறக்குங்கள். திரும்ப ரோட்டில் ஏறும்போது மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

ஒரு முழத்துக்குக் கீழே நடப்பது வேறு கதை. அங்கே அச்சில் இறங்கும் மொத்த எடைதான் பேசும். நம் டிராக்டர் 2 டன் சுமார். டயர் வைத்த பெரிய அறுப்பு மிஷினோ நெல் நிரம்பினால் 8 டன்னைத் தாண்டிவிடும். ஈர வயலில் அது ஒரு தடவை போனாலே சேதத்தில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. அப்புறம் அதே தடத்தில் பத்து தடவை போனாலும் கூடுவது கொஞ்சம்தான். அதனால் நெல் ஏற்றும் டிரெய்லர் வயல் முழுக்கச் சுற்றாமல், போன தடத்திலேயே போய் வரட்டும்.

ஒரு வருடம் அவசரத்தில், கால் புதையும் ஈரத்தில் டயர் மிஷினை இறக்கிவிட்டேன். பிறகு வளர்ந்த உளுந்தில் தடத்தின் மேல் நின்ற செடியையும் பக்கத்துச் செடியையும் பிடுங்கிப் பார்த்தேன். பக்கத்துச் செடியின் ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது. தடத்துச் செடியின் வேர் நாலு விரல் ஆழத்தில் முட்டி, மடங்கி, கிடையாக ஓடியிருந்தது. வெயில் ஏறியதும் முதலில் வாடியது அந்த வரிசைதான், காயும் அதில் சொற்பம். அந்தச் செடிகளைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. அதிலிருந்து வாடகை கூடினாலும் செயின் மிஷின்தான் வைக்கிறேன். அதன் எடை அகலமான பட்டையில் பரவிவிடும்.

நெல்லுக்கு அடியில் கொஞ்சம் இறுகிய தளம் இருப்பது நல்லதுதான், தண்ணீர் நிற்க அது வேண்டும். சேற்று உழவே அதற்குத்தான். அடுத்து வரும் உளுந்து, பருத்திக்குத்தான் அதே தளம் சுவராக நிற்கிறது.

சரி, வண்டி இறங்கலாமா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய கயிறாக நீண்டால் அன்று வண்டி வேண்டாம். உடைந்து உதிர்ந்தால் இறக்கலாம். மேலே காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், களிமண் வயலில் அது ஏமாற்றும்.

ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால் கோடையில் உளிக்கலப்பை போடுங்கள். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும், கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம். காய்ந்த மண்ணில் ஓட்டினால்தான் கட்டி உடையும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போன வழியில் ஒரு கீறல்தான் விழும்.