வாசகர் கேள்விகள்: படத்தில் இல்லாத நிழல்

கேள்வி: கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சோலார் வீடு வடிவமைப்புப் பாடத்துக்காக நிஜமாகவே ஒரு சின்ன வீடு கட்டலாம் என்கிறார்கள் எங்கள் குழுவில் பாதிப் பேர். கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டாலே போதும், சிமென்ட் குழைத்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்கிறார்கள் மீதிப் பேர். எது சரி?

பதில்: கட்டுங்கள். முழு வீடெல்லாம் வேண்டாம், ஓர் அறை போதும்.

நாங்களும் படிக்கும்போது ஓரறை வீடு ஒன்று கட்டினோம். சிமுலேஷனில் எல்லாம் பிரமாதம். கட்டி முடித்துப் பார்த்தால் மூன்று மணிக்கு மேல் மின் உற்பத்தி தடாலென்று விழுகிறது. இரண்டு நாள் இன்வெர்ட்டரைத் திட்டித் தீர்த்தோம். அப்புறம் ஒருவன் கூரையில் ஏறிப் பார்த்தால், கழிவறை வென்ட் பைப்! படத்தில் அது வேறு இடத்தில் இருந்தது. உத்தரம் குறுக்கே வந்ததால் பைப் போட்ட குழு சத்தமில்லாமல் இரண்டடி தள்ளி ஏற்றிவிட்டது, பேனல் குழுவிடம் யாரும் மூச்சு விடவில்லை. கை தடிமன் நிழல்தான், ஆனால் பேனலில் செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு செல் இருண்டாலும் அந்த வரிசையே அடிவாங்கும், மின்சாரத்துக்குச் சுற்றுவழி தரும் பைபாஸ் டையோடு இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றது ஓடும். இதைத் தேர்வில் படத்தோடு எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

மாணவர்கள் கட்டும் வீடுகளுக்கென்றே அமெரிக்க எரிசக்தித் துறை 2002-இல் 'சோலார் டெகாத்லான்' போட்டியைத் தொடங்கியது. பிறகு ஐரோப்பா, சீனா, துபாய்க்கும் போனது. 2014-இல் பிரான்சின் வெர்சாயில் நடந்ததில் ஐஐடி பம்பாய் மாணவர்களும் வீடு கட்டினார்கள். பத்துப் பிரிவுகளில் மதிப்பெண். அதில் எனக்குப் பிடித்தது, வீட்டில் குடித்தனம் நடத்திக் காட்ட வேண்டும் என்பதுதான். 2011 விதிப்படி, பத்து நிமிடத்துக்குள் சுமார் 57 லிட்டர் வெந்நீர் 43 டிகிரியில் வர வேண்டும், துணி துவைக்க வேண்டும், பக்கத்து அணியினரைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும், இத்தனைக்கும் பிறகு செலவழித்த மின்சாரத்தைக் கூரை ஈடுகட்டியிருக்க வேண்டும். நீங்களும் அறையைக் கட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் அதில் தங்கி, சமைத்து, மீட்டரைக் குறித்து வையுங்கள். காற்றுள்ள நாளில் ஜன்னல் சட்டத்தை ஒட்டி ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை ஒடிகிற இடத்தில்தான் உங்கள் குளிர்ச்சி ஒழுகிக்கொண்டிருக்கிறது.

சிமுலேஷன் கட்சிக்காரர்களை விரட்டிவிடாதீர்கள். அவர்கள் சொன்ன கணக்கையும் மீட்டர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: பேனலைக் கூரையோடு ஒட்டிப் பதித்தால் அழகாக இருக்கிறதே, இடைவெளி கட்டாயமா?

பதில்: கட்டாயம். சிலிக்கான் பேனலின் திறன் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். செல் 65 டிகிரிக்குச் சூடானால் 16 சதவீதம் போச்சு. பின்னால் காற்று ஓட ஒரு கையாவது நுழைகிற அளவு விடுங்கள், ஓரத்தில் வலை அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பறவை கூடு கட்டும்.