குழாய் பழுதுபார்க்க வந்தவர் இடுப்பில் துப்பாக்கி

கேள்வி: வணக்கம் அம்மா. டெக்சாஸ் மாநிலம் பிரிஸ்கோவில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறோம். சென்ற மாதம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தண்ணீர் கசிந்தது. வந்த பிளம்பர் நல்ல மனிதர்தான். காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பதற்கு முன்னால், இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உறையோடு கழற்றி மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். என் நான்கு வயது மகன் தினமும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, நான் தோசை வார்ப்பதைப் பார்க்கும் மேடை அது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் வாயே திறக்கவில்லை. கணவரோ, "நாம் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்கள். இங்கே எல்லோரும்தான் வைத்திருக்கிறார்கள். வம்பை விலைக்கு வாங்காதே" என்கிறார். மிச்ச வேலையை முடிக்க அவரே அடுத்த வாரம் வருகிறார். சொல்லலாமா, கூடாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பிரிஸ்கோ

பதில்: சொல்லுங்கள். அவர் வருவதற்கு முன்பே, தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் தேர்தல் அறிவித்தால் உரிமம் பெற்ற துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் அருகில் பார்க்காமலே நம்மில் பலருக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர் கண்முன்னே, மிக்ஸிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் அதை வைத்தால் வேறென்ன செய்வார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாரே, அன்றைக்கு அந்த வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தவர் அவர்தான்.

நான் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் 26 வருடம் இருந்தவள். ஓர் ஆகஸ்ட் மாதம் ஏசி நின்றுபோய், பழுதுபார்ப்பவர் வந்தார். பரணுக்கு ஏறும் ஏணியை இழுக்க இரண்டு கையையும் தூக்கினார். சட்டை மேலே ஏறியது. இடுப்புப் பட்டைக்குள் செருகியிருந்த கறுப்புப் பிடி, வியர்வை பட்டுப் பளபளவென்று இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து, கூரைக்கு மேலே அவருடைய காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார். தலை உப்பிப்போயிருந்த கெபாசிட்டரைக் காட்டினார். வடிகட்டியை மாதம் ஒரு முறை மாற்றச் சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் என் வீட்டிலேயே ஒரு வார்த்தை கேட்க முடியாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேனே, அது வெகுநாள் உறுத்தியது. அடுத்த முறை மின்சார வேலைக்கு ஆள் அழைத்தபோது, எங்கள் வீட்டுக்குள் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் ஆச்சரியப்படவே இல்லை, குறித்துக்கொண்டாள். வந்தவரும் வண்டியில் பூட்டி வைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், உங்கள் கணவரும் படிக்கட்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடை இல்லாத 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதனால் உங்கள் பிளம்பர் துப்பாக்கியோடு வந்தது குற்றமில்லை. அதே சட்டம் வீட்டுக்காரருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது: வேண்டாம் என்று நீங்கள் வாயால் சொன்னாலே போதும். நேரில் சொன்ன பிறகும் துப்பாக்கியோடு அங்கேயே நின்றால் அது 'கிளாஸ் ஏ' குற்றம். ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று கடைகளில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அங்குல உயர எழுத்தில் வைத்திருக்கிறார்களே, அந்தப் பலகையை வீட்டு வாசலில் மாட்டவும் தடையில்லை. ஒரு பிளம்பருக்காக அதெல்லாம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

விசாவைப் பற்றிய பயத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். வேண்டாம் என்று சொல்வதால் விசாவுக்கு ஒரு கேடும் வராது. கவனிக்க வேண்டியது வேறு. எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பிளம்பர் மறதியாகத் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று வையுங்கள். "பாவம், கொடுத்துவிட்டு வருவோம்" என்று உங்கள் கணவர் எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பவே கூடாது. தொடாமல், குழந்தையை அப்புறப்படுத்தி, அறையைப் பூட்டிவிட்டு அவரை அழையுங்கள். அவர் தொலைபேசியை எடுக்கவில்லையென்றால் போலீஸை அழையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த மேடைதான். இடுப்பில் உறைக்குள் இருக்கும் வரை துப்பாக்கி அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் தலை தொட்டிக்கு அடியில், இரண்டு கையும் குழாயில் இருக்கும்போது மேடைமேல் கிடப்பது யார் பொறுப்பு? குண்டு ஏற்றிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு, 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை கையில் அது சிக்க நேர்ந்தால், விட்டவர் மீது டெக்சாஸ் சட்டமே வழக்குப் போடுகிறது. ஆகவே நீங்கள் ஏதோ புது ஊர்க்காரர்களின் கூச்சத்தைச் சொல்வதாக அவர் நினைக்க இடமில்லை. "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, துப்பாக்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். முணுமுணுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். தண்ணீர் இன்னும் இரண்டு நாள் ஒழுகினால் வாளி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் ஹூஸ்டனில் ஏசி மெக்கானிக், சொந்தத் தொழில். இரண்டு தடவை என் வேனை உடைத்துக் கருவிகளைத் திருடிவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். உள்ளே இருப்பவர் கையில் துப்பாக்கி இருக்காது என்று யார் உறுதி சொல்வது? அதனால்தான் நானும் துப்பாக்கி வைத்திருக்கிறேன். எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பது நியாயமா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: உங்கள் பயம் நியாயமானது தம்பி. 2025 நவம்பரில் இண்டியானா மாநிலம் வைட்ஸ்டவுனில், வீடு சுத்தம் செய்யும் வேலைக்குப் போன 32 வயதுப் பெண் தவறான வீட்டு வாசலில் நின்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். குவாதமாலாவிலிருந்து வந்தவர், நான்கு பிள்ளைகளின் தாய். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் '115-ஆவது டெரஸ்' என்ற தெருவுக்குப் பதிலாக '115-ஆவது ஸ்ட்ரீட்' என்ற தெருவில் மணி அடித்து, தலையில் குண்டடிபட்டுப் பிழைத்தான்.

இரண்டு இடத்திலும் குண்டு கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அதைத் தொடவாவது நேரம் இருந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள். முகவரியை இன்னொரு முறை சரிபார்ப்பதும், வாசலுக்கு வருமுன் வண்டியிலிருந்தே வீட்டுக்காரரை அழைத்து "வந்துவிட்டேன், விளக்கைப் போடுங்கள்" என்று சொல்வதும், பெயர் போட்ட சட்டையும்தான் அந்த நேரத்தில் உங்களைக் காக்கும்.

துப்பாக்கியை விட்டுவிடு என்று உங்களிடம் நான் சொல்லப் போவதில்லை. பதிவு செய்யும்போது நீங்களே கேட்டுவிடுங்கள்: "என்னிடம் துப்பாக்கி உண்டு, உள்ளே கொண்டுவரலாமா?" வேண்டாம் என்பவர்களுக்காக, வேனின் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று வையுங்கள். டேஷ்போர்டு அறையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வேனை ஏற்கெனவே இரண்டு தடவை உடைத்திருக்கிறார்கள்.