'இட்', 'ஹிம்', 'தெம்' எங்கே நிற்க வேண்டும்? கேள்வி பதில்

'அப்', 'ஆஃப்', 'அட்', 'வித்' போன்ற குட்டி ஆங்கிலச் சொற்களைப் பற்றித்தான் இந்த முறை அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரிய பெரிய சொற்களைக்கூட மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு 'இட்' வந்தால்தான் தடுமாற்றம். விதியைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் இவ்வளவு குழப்பம் இருக்காது. அதனால் முதல் இரண்டு பதில்கள் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராமேஸ்வரத்தில் சுற்றுலா வழிகாட்டி. தனுஷ்கோடியைக் காட்டும்போது 'த ஸீ வாஷ்டு அவே த டவுன்' என்பேன். அதையே சுருக்கி 'த ஸீ வாஷ்டு அவே இட்' என்றால் வெளிநாட்டுக்காரர்கள் புரியாமல் பார்க்கிறார்கள். ஊரைச் சொன்னால் சரி, 'இட்' சொன்னால் தப்பா?

ஆமாம், தப்புதான். 'வாஷ்டு இட் அவே' என்று சொல்லுங்கள். ஊரின் பெயரைச் சொல்லும்போது 'வாஷ்டு அவே த டவுன்', 'வாஷ்டு த டவுன் அவே' இரண்டும் செல்லும். 'இட்', 'ஹிம்', 'ஹெர்', 'தெம்', 'மீ', 'அஸ்', 'யூ' வந்தால் அந்தச் சுதந்திரம் கிடையாது. அவை நடுவில்தான் நிற்க வேண்டும்.

காரணம் இதுதான். ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் புதுச் செய்திக்கும் கனமான செய்திக்கும் உரியது. 1964 டிசம்பர் புயலைப் பற்றிச் சொல்கிறீர்கள். ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் என்று அழிந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'வாஷ்டு அவே' முதலில் வரட்டும், பட்டியல் பின்னால் வரட்டும். அதைக் கேட்கிறவர் அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். ஆனால் 'இட்' என்று சொன்னால் எதைச் சொல்கிறீர்கள் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைக் கடைசியில் வைத்தால், என்ன புதிதாகச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் 'இட்' உள்ளே போகிறது. 'அவே' கடைசியில் அழுத்தமாக நிற்கிறது.

தமிழில் 'அதை' எங்கே இருந்தாலும் பொருள் மாறாது. 'கடல் அதைக் கொண்டுபோய்விட்டது', 'கொண்டுபோய்விட்டது அதைக் கடல்' இரண்டும் நமக்குப் புரியும். 'ஐ' உருபு ஒட்டிக்கொண்டே வருவதுதான் காரணம். ஆங்கில 'இட்'டுக்கு அப்படி ஒட்டு எதுவும் இல்லை. நிற்கிற இடத்தை வைத்துத்தான் அதற்கு வேலை.

உங்களுக்குக் கூடுதலாக ஒன்று: 'எவ்ரிதிங்' இந்த விதிக்குள் வராது. 'த ஸீ வாஷ்டு அவே எவ்ரிதிங்' என்று தாராளமாகச் சொல்லலாம். அப்புறம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் காட்டும்போது, நடுப்பகுதி நேரே மேலே போவதை 'தே லிஃப்ட் இட் அப்' என்று சொல்லுங்கள்.

கீழக்கரையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். 'டர்ன் இட் ஆஃப்' சரி என்றால் 'லுக் இட் அட்' ஏன் தப்பு? எது நடுவில் வரும், எது வராது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி, தங்கச்சி. இதைக் கேட்காமலேயே பட்டம் வாங்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

அந்தக் குட்டிச் சொல் யாரோடு சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். வினையோடு சேர்ந்திருந்தால் அது வினையடை மாதிரி. 'இட்' நடுவில் போகும். பின்னால் வரும் பெயரோடு சேர்ந்திருந்தால் அது முன்னிடைச் சொல். பெயரை விட்டுப் பிரியாது. 'அட்' எப்போதும் முன்னிடைச் சொல்தான். அதனால் 'லுக் அட் இட்'.

சிக்கல் என்னவென்றால் 'ஆஃப்', 'அப்', 'ஓவர்' எல்லாம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். இரண்டு வாக்கியங்களைப் பார்:

'வி டர்ன்டு ஆஃப் த லைட்.' விளக்கை அணைத்தோம்.

'வி டர்ன்டு ஆஃப் த ரோடு.' உச்சிப்புளியில் ராமேஸ்வரம் சாலையை விட்டுத் திரும்பினோம் என்று வைத்துக்கொள்.

பார்த்தால் ஒரே அச்சு. ஆனால் விளக்குக்கு 'டர்ன்டு இட் ஆஃப்', சாலைக்கு 'டர்ன்டு ஆஃப் இட்'. இரண்டையும் பிரித்துக் காட்ட எளிய வழி, நடுவில் 'க்விக்லி' போட்டுப் பார்ப்பது. 'டர்ன்டு க்விக்லி ஆஃப் த ரோடு' சொல்லலாம். 'டர்ன்டு க்விக்லி ஆஃப் த லைட்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வினையும் 'ஆஃப்'பும் ஒன்றாகிவிட்ட இடத்தில் மூன்றாவது சொல் நுழையாது. 'இட்' மாதிரி பெயர்ச்சொற்கள் மட்டும்தான் நுழையும்.

இன்னொரு வழி காதால் கேட்பது. 'டர்ன் இட் ஆஃப்' என்று சத்தமாகச் சொல்லிப் பார். அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் அட் இட்'டில் அழுத்தம் 'லுக்' மேல். மற்ற இரண்டும் தேய்ந்து 'லுக்கெட்டிட்' என்று ஓடிவிடும். பரீட்சை அறையில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கலாம். ஆங்கிலச் செய்தி தினமும் கேட்டுப் பழகிய காது பெரும்பாலும் ஏமாற்றாது.

தங்கச்சிமடம். படகுக்கு டீசல் தீர்ந்துபோனதை 'வி ரேன் இட் அவுட் ஆஃப்' என்று பையன் எழுதியிருக்கிறான். சரியா?

இல்லை. 'வி ரேன் அவுட் ஆஃப் இட்'. இதில் வினை, வினையடை, முன்னிடைச் சொல் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. இப்படி வந்தால் 'இட்', 'ஹிம்' எல்லாம் கடைசியில்தான். 'புட் அப் வித் ஹிம்', 'லுக் ஃபார்வர்ட் டு இட்' எல்லாமே இதே கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிவதை எதிர்பார்த்திருக்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள்: 'வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்'. சொந்த வீட்டுச் செய்தி என்றால் மறக்காது.

தொண்டியில் பத்திரம் எழுதுபவரிடம் உதவியாளராக இருக்கிறேன். பழைய படகு விற்பனைப் பத்திரத்தில் 'த போட், த இன்ஜின் அண்ட் ஆல் பார்ட்ஸ் தேர்ஆஃப்' என்று இருக்கிறது. 'தேர்' என்றால் அங்கே என்றுதானே பொருள்?

இங்கே அப்படி இல்லை. 'தேர்ஆஃப்' என்றால் 'ஆஃப் இட்', அதாவது அதனுடைய. 'ஹியர்வித்' என்றால் 'வித் திஸ்', இதனுடன். 'வேர்பை' என்றால் 'பை விச்', எதனால் அல்லது அதனால். 'இட்', 'திஸ்', 'விச்' இருக்க வேண்டிய இடத்தில் 'தேர்', 'ஹியர்', 'வேர்' வந்து, முன்னிடைச் சொல் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒருவகையில் இது நமக்குப் பழக்கமான வரிசைதான்: அதன் + ஓடு, இதன் + மேல். சில நூற்றாண்டுகளுக்கு முன் இவை ஆங்கிலத்தில் சாதாரணமாகப் புழங்கின. ஜெர்மன் மொழியில் 'தாமிட்', 'தாஃபோன்' என்று இன்றும் தினசரிப் பேச்சில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பத்திரத்துக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் ஒதுங்கிவிட்டன. 'தேர்ஃபோர்' மட்டும் இன்னும் நன்றாக நடமாடுகிறது.

பத்திரம் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இவை பொருள்களுக்கு வரும், ஆட்களுக்கு வராது. 'தேர்ஆஃப்' கண்டால் அதற்கு முன்னால் என்ன பொருள் சொல்லியிருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். படகா, இன்ஜினா, இரண்டுமா என்பதில்தான் நாளைக்கு வழக்கு வரும். நீங்களாக எழுதும் கடிதத்தில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்; சாதாரண ஆங்கிலம் போதும்.

மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். 'டிஸ்கஸ் அபவுட் இட்' தவறு என்று மகளுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்?

சொல்கிறோம் அம்மா, 'அதைப் பற்றி' என்ற பழக்கத்தில். எழுதும்போது 'டிஸ்கஸ் இட்' போதும். அதே மாதிரி 'டோல்ட் டு ஹிம்' வேண்டாம், 'டோல்ட் ஹிம்'. ஆனால் 'செட்' என்றால் 'செட் டு ஹிம்'. 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றாலும் 'டு' வேண்டும்: 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. இதற்கு மட்டும் காரணம் தேட வேண்டாம், ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு பழக்கம். மகளை இந்த நாலையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.