விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பிரசங்கமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கல்யாணத்துக்கு முன்பே இயேசுவை ஏற்றுக்கொண்டவள். பிறந்த வீட்டில் எல்லாரும் இந்துக்கள். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் மதியம் அப்பா, அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். போன வருஷம் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் பாஸ்டரை வரவழைத்துப் பத்து நிமிஷம் பேசச் சொன்னேன். அது முக்கால் மணி நேரமாகிவிட்டது, அண்ணன் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இந்த வருஷம் சும்மா இருந்துவிடலாம் என்றால் மனசாட்சி குத்துகிறது. என்ன செய்வது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அண்ணன் எழுந்து போனதற்கு இயேசு காரணமில்லை அம்மா, அந்த முக்கால் மணி நேரம்தான் காரணம். அடுக்களையிலிருந்து பிரியாணி வாசம் வருகிறது, பிள்ளைகள் பசியில் நெளிகிறார்கள், எழுந்தால் தங்கச்சி வருத்தப்படுவாள், உட்கார்ந்தாலோ சாப்பாட்டுக்கு என்று கூப்பிட்டுக் கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்களே என்றிருக்கும். அந்த மனுஷன் என்னதான் செய்வார்? ஆராதனைக்குக் கூப்பிட வேண்டுமானால் அதைச் சொல்லியே கூப்பிடுங்கள். "அண்ணே, விடியக்காலை ஆராதனைக்கு வர்றீங்களா, பாட்டு நல்லா இருக்கும்" என்று கேட்டால் வருவார், இல்லை வரமாட்டார். எப்படியும் மதியம் சாப்பிட வந்துவிடுவார்.

சும்மா இருக்கவும் சொல்லவில்லை. நம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருங்கள், அதையும் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:15). பண்டிகை நாளில் கேள்விக்குப் பஞ்சமே இருக்காது. அண்ணன் பிள்ளை குடிலுக்கு முன்னால் உட்கார்ந்து, "அத்தை, பாப்பா பக்கத்துல மாடு எதுக்கு?" என்று கேட்கும். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை, அதனால் பிறந்த குழந்தையை மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டியில் கிடத்தினார்கள், சேதி முதலில் போய்ச் சேர்ந்தது ராத்திரி ஆட்டுக்குக் காவல் கிடந்தவர்களுக்கு என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். உங்கள் பக்கத்துக் கரிசலில் ஆடு மேய்த்துக் கிடை போடுகிற கீதாரிகளைப் பார்த்திருக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். பெரியவர்களும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அப்பாவே ஒரு நாள் "இதுல உனக்கு என்னம்மா கிடைச்சுது?" என்று கேட்கலாம். அப்போது உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எந்தக் கஷ்டத்தில் இருந்தீர்கள், எப்படி ஜெபித்தீர்கள், என்ன மாறியது, அவ்வளவு போதும். வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னீர்களோ, பேச்சு அதோடு முடிந்தது, அடுத்த வருஷம் விருந்துக்கு வருவதும் சந்தேகம்தான்.

இன்னொன்று, யாராவது மனம் மாறினார்களா என்று ஒவ்வொரு ஜனவரியிலும் கணக்குப் பார்க்காதீர்கள். தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் சிறுவனாக இருந்தபோதே அவருக்குக் காப்பாளராக இருந்து படிக்கவைத்தவர் மிஷனரி சுவார்ட்ஸ். 1798-ல் சுவார்ட்ஸ் இறந்தார். 1832 வரை வாழ்ந்த சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் அதே மன்னர்தான் சுவார்ட்ஸின் மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் தான் நிற்பது போல ஒரு பளிங்குச் சிற்பத்தை இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனிடம் செய்யச் சொல்லி வரவழைத்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் இன்றும் அது இருக்கிறது. தஞ்சாவூர் போனால், பெரிய கோவில் பக்கம்தான், அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டார் தீபாவளிக்குத் தரும் பலகாரத்தை வாங்கக் கூடாது என்கிறார் என் மாமியார். ஆனால் நாம் கேக் கொடுக்கும்போது இயேசுவைப் பற்றிய கைப்பிரதியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார். இது சரியா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர்கள் முறுக்கு நமக்கு வேண்டாம், நம் கேக்கும் கைப்பிரதியும் அவர்களுக்கு வேண்டும் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? விசுவாசம் இல்லாதவர் விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைப்பதை எதுவும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் விலகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 10:27, 28). அடுப்பிலிருந்து இறக்கிய முறுக்கையும் அதிரசத்தையும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பிரசாதம் என்று சொல்லித் தந்தால், "மன்னிச்சுக்கோங்க அக்கா, அதை மட்டும் நாங்க சாப்பிடறதில்ல" என்று சிரித்தமுகமாகச் சொல்லுங்கள். அக்காக்கள் புரிந்துகொள்வார்கள். கைப்பிரதியைக் கேக் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. கேட்டால் கையில் கொடுங்கள். மாமியாரிடம் இதையெல்லாம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தை மேஜைமேல் விரித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: கிறிஸ்மஸ் பாட்டுப் பாடித் தெருத்தெருவாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் நள்ளிரவு தாண்டி ஸ்பீக்கர் வைத்துப் பாடுகிறோம். இந்து நண்பன் ஒருவன் குறைப்பட்டுக்கொண்டான். இதுவும் சுவிசேஷம்தானே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தூக்கத்தைக் கெடுப்பது எப்படித் தம்பி சுவிசேஷமாகும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக அரசு சில நாட்கள் விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவோடு சரி. ஒரு டோலக்கும் நாலு நல்ல குரலும் இருந்தால் தெருவுக்குப் போதும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் துக்கம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். முதலில் அந்த நண்பனிடம் போய் எத்தனை மணிக்கு வந்தால் தோதாக இருக்கும் என்று கேளுங்கள்.