ஃபர்னஸ் கேள்விகள்: காற்றுப் பக்கம் உங்களுக்கு, நெருப்புப் பக்கம் எனக்கு

குளிர் தொடங்குவதற்கு முன் ஃபர்னஸ் கதவைக் கழற்றி ஒருமுறை உள்ளே பாருங்கள் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதினேன். பார்த்தவர்கள் எல்லாம் கடிதம் போட்டுவிட்டார்கள். பாதிப் பேருக்குப் பயம், மீதிப் பேருக்கு வேண்டாத துணிச்சல். 22 வருடமாக இந்தப் பெட்டிகளுக்கு முன்னால் மண்டி போட்டு வேலை பார்க்கிறவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். இங்கே பேசுவது எரிவாயுவில் எரிந்து, குழாய்கள் வழியாக வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸைப் பற்றி மட்டும்.

ஃபர்னஸை நானே சுத்தம் செய்யலாமா? "கையே வைக்காதே" என்கிறார் கணவர். "எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டு பேருமே பாதி சரி, அம்மா. அந்தப் பெட்டிக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்றில் வீட்டுக் காற்று ஓடுகிறது: அறைகளிலிருந்து திரும்பி வந்து, ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, ப்ளோயர் என்கிற விசிறி தள்ள, சூடாகி மறுபடி அறைகளுக்குப் போகிறது. இன்னொன்றில் நெருப்பு: எரிவாயு, பர்னர், அதன் புகை, வெளியே போகும் புகைக்குழாய். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற மெல்லிய உலோகச் சுவர். சூடு மட்டும் அந்தச் சுவரைத் தாண்டலாம், புகை தாண்டக் கூடாது.

காற்றுப் பக்கம் உங்களுடையது. ஃபில்டர், ப்ளோயர் அறையின் தரை, அறைகளில் இருக்கும் காற்றுத் திறப்புகள் எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரும் ஈரத்துணியும் கொண்டு தாராளமாகச் சுத்தம் செய்யுங்கள். நெருப்புப் பக்கத்துக்கு வருடம் ஒருமுறை ஆளைக் கூப்பிடுங்கள். வாயு அழுத்தத்தை அளப்பது, எக்ஸ்சேஞ்சரில் விரிசல் பார்ப்பது, புகையைக் கருவி வைத்துச் சோதிப்பது எல்லாம் கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

கதவைத் தொடும் முன் தெர்மோஸ்டாட்டை, அதாவது வீட்டின் சூட்டை வைக்கும் சுவர்க் கருவியை, அணையுங்கள். அப்புறம் ஃபர்னஸ் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச், அப்புறம் மின்பெட்டியில் பிரேக்கர். தெர்மோஸ்டாட்டை மட்டும் அணைத்தால் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அரை மணி நேரம் ஆற விடுங்கள். வாயு வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பழைய ஃபர்னஸில் எப்போதும் எரியும் சின்னச் சுடர் இருந்தால், வாயுவை மூடும்போது அதுவும் அணைந்துவிடும். மறுபடி ஏற்றும் முறை பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். அதைப் படிக்க முடியாத அளவுக்கு மங்கியிருந்தால் வாயுவைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ப்ளோயர் சக்கரம் அணில் கூண்டு மாதிரி இருக்கும். அதன் இதழ்களில் சின்ன உலோகக் கிளிப் ஏதாவது மாட்டியிருந்தால் அழுக்கு என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்காகப் போட்ட எடை அது. பக்கத்தில் உருளையாக ஒரு கபாசிட்டர் இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம். பிரேக்கரை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். என் வலது கைக் கட்டைவிரலைக் கேட்டால் சொல்லும்.

ஃபில்டரில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? நிறைய தூசி பிடிக்கிற உயர்ந்த ரகத்தைப் போட்டால் நல்லதுதானே?

அம்பு, காற்று போகும் திசை. ப்ளோயரைப் பார்த்து இருக்க வேண்டும். 1 அங்குல ஃபில்டரை மாதம் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் விட வேண்டாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அல்லது சுவரைத் தேய்த்து மராமத்து நடந்தால், இன்னும் சீக்கிரம். 4, 5 அங்குலத் தடிமன் உள்ளவை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தாங்கும்.

உயர்ந்த ரகம் பற்றி: அட்டையில் மெர்வ் என்று ஒரு எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட நுண்ணிய தூசியும் நிற்கும், கூடவே காற்றும் திணறும். பெரும்பாலான வீடுகளுக்கு 8 முதல் 11 வரை போதும். மெல்லிய ஃபில்டரில் 13 போட்டுவிட்டு "வீடு சூடாகவில்லை" என்று கூப்பிடுகிறவர்கள் எனக்கு வருடா வருடம் கிடைக்கிறார்கள்.

ஒரு வீட்டில் ஃபர்னஸ் ஐந்து நிமிடம் எரியும், நிற்கும், மறுபடி எரியும். வீட்டுக்காரர் தெர்மோஸ்டாட்டை இரண்டு தடவை மாற்றியிருந்தார். நான் போய் ஃபில்டரை இழுத்தேன், வரவில்லை. விளக்கடித்துப் பார்த்தால் அது சாம்பல் நிறக் கம்பளி மாதிரி கனத்து, நடுவில் வளைந்து, ப்ளோயர் பக்கமாகத் தொப்பை போட்டிருந்தது. அட்டைச் சட்டமே மடங்கிவிட்டது. நடந்தது இதுதான்: காற்று போதாததால் எக்ஸ்சேஞ்சரின் சூட்டை எடுத்துப் போக ஆளில்லை. சூடு எல்லை மீறியதும் லிமிட் சுவிட்ச் பர்னரை அணைத்துவிடுகிறது. ஆறியதும் மறுபடி விடுகிறது. இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்கக் காய்ந்து ஆறி, காய்ந்து ஆறி இருந்தால் அந்த உலோகம் விரிசல் விடும். விரிசல் விட்ட எக்ஸ்சேஞ்சரை யாரும் ஒட்டித் தருவதில்லை. மாற்றத்தான் வேண்டும், பல நேரம் ஃபர்னஸையே.

எங்கள் ஃபர்னஸ் பற்றுகிறது, சில நொடிகளில் அணைந்துவிடுகிறது. மூன்று தடவை முயன்றுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஃப்ளேம் சென்சாரைத் தேய்த்தால் சரியாகும் என்றார்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாமா?

உப்புத்தாளைக் கீழே வையுங்கள், தம்பி.

நீங்கள் சொல்வது ஃப்ளேம் சென்சாரின் அடையாளம் மாதிரியே இருக்கிறது. பர்னர் வரிசையின் ஒரு ஓரத்தில், சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் ரீஃபில் தடிமனுள்ள கம்பி அது. அடியில் வெள்ளைப் பீங்கான். சுடர் எரியும்போது அந்தக் கம்பியிலிருந்து சுடர் வழியாக மிகச் சின்ன மின்னோட்டம் போகிறது, ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு. அது கிடைத்தால்தான் ஃபர்னஸின் மூளை "நெருப்பு இருக்கிறது" என்று நம்பி வாயுவைத் தொடர்ந்து விடும். கம்பி மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் படிந்துவிட்டால் அந்தச் சின்ன ஓட்டம் போகாது. எரிகிற நெருப்பைப் பார்த்தே "நெருப்பில்லை" என்று அது வாயுவை மூடிவிடும். எரியாத வாயு வீட்டுக்குள் சேர்ந்துவிடக் கூடாதே என்பதற்கான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது.

நெருப்புப் பக்கம் எனக்கு என்று மேலே சொன்னேன். இந்த ஒரு வேலை கோட்டின் மேலேயே நிற்கிறது. கை நிதானமாக இருப்பவர், மின்சாரத்தையும் வாயுவையும் மூடிவிட்டுச் செய்யலாம். ஒரே ஒரு திருகு. வயரைப் பிடித்து இழுக்காமல் இணைப்பைப் பிடித்துக் கழற்றுங்கள். மிக மெல்லிய ஸ்டீல் நாரால் கம்பியை மட்டும் லேசாக நான்கு இழுப்பு, அப்புறம் சுத்தமான உலர்ந்த துணியால் துடைப்பு, அவ்வளவுதான். சொரசொரப்பான உப்புத்தாள் கம்பியில் கீறல் போடும். கீறலில் படலம் இன்னும் வேகமாகப் படியும். பீங்கானில் விரிசல் தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிது போடுங்கள்.

பக்கத்திலேயே பட்டையாக இன்னொன்று இருக்கும், வாயுவைப் பற்றவைக்கும் இக்னைட்டர். அதில் விரல் படவே கூடாது. சில வகைகள் சாக்பீஸ் மாதிரி உடையும், விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் எரிந்தும் போகும். சென்சாரைச் சுத்தம் செய்த சில வாரங்களில் அதே கோளாறு திரும்பினால் நோய் வேறு எங்கோ இருக்கிறது. அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

கதவைக் கழற்றினால் ஃபர்னஸ் நின்றுவிடுகிறது. ஓடும்போது உள்ளே பார்க்க வேண்டும். அந்தக் கதவு சுவிட்சில் டேப் ஒட்டி அழுத்தி வைக்கலாமா?

கூடாது. ஒருவர் இப்படி ஒட்டி, எடுக்க மறந்து, கதவையும் சரியாக மாட்டாமல் போன வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கதவு திறந்திருந்தால் ப்ளோயர் ஃபர்னஸ் இருக்கும் சின்ன அறையின் காற்றையே இழுக்கும். அறையில் அழுத்தம் குறையும். புகைக்குழாயில் மேலே போக வேண்டிய புகை திரும்பிக் கீழே வரும். அதை அதே ப்ளோயர் வாரிக்கொண்டு போய்ப் படுக்கையறைகளில் ஊதும். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாரமாகத் தலைவலி. வெளியே கிளம்பிப் போனால் சரியாகிவிடுகிறது என்றார்கள். டேப்பைப் பிய்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன்.

சுடரைப் பார்க்க வேண்டும் என்றால் பல ஃபர்னஸ்களில் அதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கிறது. நீலமாக, அசையாமல் எரிந்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தூசி பட்டு அவ்வப்போது ஆரஞ்சுப் பொறி தெரிவது சகஜம்.

முதல் நாள் போடும்போது கருகல் வாடை வருகிறதே?

கோடை முழுக்கப் படிந்த தூசி எரிகிறது. சில மணி நேரத்தில் போய்விடும். ஒரு நாளைத் தாண்டினாலோ, ஒயர் எரிகிற, பிளாஸ்டிக் உருகுகிற வாடையாக இருந்தாலோ அணைத்துவிடுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் அது வாயுக் கசிவு, எதையுமே அணைக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். சுவிட்சில் கை வைக்காமல், போனைக்கூட உள்ளே எடுக்காமல், எல்லோரும் வெளியேறித் தள்ளி நின்று வாயு நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் நிமிடத்துக்கு ஒரு தடவை கீச் என்கிறது. ஃபர்னஸ் கோளாறா?

பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது அலாரமே ஆயுள் முடிந்து விடைபெறுகிறது. இவை மாடலைப் பொறுத்து ஐந்து முதல் பத்து வருடம்தான் உழைக்கும். திருப்பிப் பார்த்தால் பின்னால் தேதி இருக்கும். உண்மையான எச்சரிக்கை பெரும்பாலான கருவிகளில் வேறு மாதிரி: வேகமாக நான்கு தடவை கத்தும், சற்று நிற்கும், மறுபடி நான்கு. அதைக் கேட்டால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரும் வெளியே, அப்புறம் போன். புகையில் வரும் விஷவாயுவான இந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று காய்ச்சல் வருகிற மாதிரிதான் தொடங்கும். தூங்குகிற அறைகளுக்கு வெளியே ஒன்றும், ஒவ்வொரு மாடியிலும் ஒன்றும் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட ஆள் என் வீட்டிலும் இருந்தார். அது நான்தான்.

ஃபர்னஸின் அடியில் தண்ணீர் தேங்குகிறது.

வெளியே போகும் குழாய் வெள்ளைப் பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். ஆம் என்றால் உங்களுடையது புகையிலிருந்து கடைசிச் சூட்டையும் பிழிந்தெடுக்கிற வகை. புகை குளிர்ந்து நீராகி, பொறி என்கிற, தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். அந்தப் பொறியில் வழுவழுப்பான கசடு சேர்ந்து அடைத்திருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பொறியைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும் முன் பொறியில் சுத்தமான தண்ணீர் ஊற்றி நிரப்ப மறக்காதீர்கள், புகை அந்த வழியாக வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டுக்கு வெளியே இருக்கும் குழாய் வாய்களையும் பனி பெய்தபின் போய்ப் பாருங்கள். பனி மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும்.

குழாய் உலோகமாக இருந்து தண்ணீரும் தேங்கினால், பக்கத்தில் ஈரப்பதமூட்டியோ ஏசி வடிகுழாயோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் புகைக்குழாயில் ஏதோ இருக்கிறது, அது என் பக்கத்து வேலை.

ஃபர்னஸ் அறையில் பெயின்ட் டப்பா, பிளீச், துணி சோப்புத்தூள் வைக்கிறோம். இடமில்லை.

பெயின்ட், தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிளீச் தெரியாமல் கெடுக்கும். அதன் குளோரின் ஆவி பர்னருக்குள் போனால் அமிலமாகி எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். சுற்றிலும் ஒரு மீட்டர் இடம் விடுங்கள், பிளீச்சை அந்த அறையை விட்டே வெளியேற்றுங்கள்.

யாரும் படுக்காத அறைகளின் காற்றுத் திறப்புகளை மூடிவைத்தால் எரிவாயு மிச்சமாகுமா?

ஆகாது. ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதினேனே, அதே கதைதான். ஒன்றிரண்டைப் பாதி மூடலாம், அதற்கு மேல் வேண்டாம்.