அப்பாவின் விசிடிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் சேர்த்த விசிடி, டிவிடி நானூறுக்கு மேல் இருக்கின்றன. பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்கள். எல்லாம் யூடியூபில் வந்துவிட்டதே, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். இன்னொன்று: சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை யூடியூபில் பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் இருக்கும் தம்பி அதன் ப்ளூரே வாங்கி வருகிறேன் என்கிறான். அவ்வளவு பணம் தகுமா?

– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். தயவுசெய்து எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ப்ளூரே. ப்ளூரே தகடுகளை உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து விற்கிறார்கள். அங்கே கிரைட்டீரியன் கம்பெனி விற்கும் ப்ளூரே ‘ஏ’ மண்டலத்துக்கானது, இந்தியா ‘சி’. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் இருந்தால் மட்டும் வாங்கி வரட்டும்.

தகுமா என்றால், தகும். படத்தின் கடைசியில் சிறுவன் அபு, செத்துப்போன அக்கா ஒளித்து வைத்திருந்த மாலையைக் குளத்தில் எறிகிறானே, நான் முதலில் பார்த்த நகலில் அந்தக் குளம் வெறும் சாம்பல் திட்டு. மாலை விழுந்தது தெரிந்தது, அவ்வளவுதான். அந்த ப்ளூரேயில் இருக்கும் சீரமைத்த பதிப்பில் பாசி விலகிக் கறுப்பாக ஒரு வட்டம் திறக்கிறது, பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. அக்காவின் ரகசியத்தைக் குளம் வாங்கி வைத்துக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு முன் அந்தப் படத்தை நான் பார்த்ததாகவே இப்போது நினைப்பதில்லை.

அந்தத் தெளிவு சும்மா வரவில்லை. அபுவின் கதையைச் சொல்லும் ராயின் மூன்று படங்களின் மூல நெகட்டிவும் 1993இல் லண்டனில் ஒரு லேபில் தீப்பிடித்து எரிந்தன. கருகி மிஞ்சியதை யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்காவின் ஆஸ்கர் அகாதமி அதை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்தது. பிறகு இத்தாலியில் பொலோன்யா நகரத்து லேபில், வறண்டு சுருங்கிய பிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே சரிசெய்தார்கள். அதற்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் இரண்டாவது படமான ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே மீண்டன.

நம் பக்கம் என்ன நடந்தது? தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வதம்’ எடுத்த நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். அந்தப் படத்தில் இன்று ஒரு பிரேம்கூட மிச்சமில்லை. வேலூர் லாங்கு பஜார் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து மனசு கனக்கும்.

சரி, அப்பாவின் விசிடிகளுக்கு வருவோம். படத்தின் தரம் குறைவுதான்: 352க்கு 288 புள்ளி. ஆனால் யூடியூபில் பல பழைய படங்களை அகல டிவிக்காக இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். முகமெல்லாம் உப்பித் தெரிகிறது. இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டி, நிற்கிறவரின் நெற்றியைக் காணோம். பாட்டு விட்டுப்போனதும் உண்டு. இன்றைக்கு இருக்கும் வீடியோ நாளைக்கு உரிமைப் பிரச்சினையில் காணாமல் போகும். 2007இல் மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி போட்டபோது பழைய படங்களை நம்மைப் போன்றவர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் அப்பா அதைத்தான் செய்திருக்கிறார்.

பார்த்துக்கொள்வது கஷ்டமில்லை. படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் எழுதவோ ஸ்டிக்கர் ஒட்டவோ கூடாது. விசிடியில் பதிவு இருப்பது அந்த அச்சுக்கு நேர் கீழேதான்; அங்கே கீறினால் திரும்பக் கிடைக்காது. அடிப்பக்கக் கீறலை ஓரளவு சமாளிக்கலாம். துடைப்பதென்றால் பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு, வட்டமாகத் தேய்க்காதீர்கள். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ வேண்டாம், நம் ஊர் அக்னி நட்சத்திர வெயில் தெரியுமே. அப்புறம், கம்ப்யூட்டரில் போட்டு, விசிடி தகட்டில் இருக்கும் டாட் (.DAT) என்ற வீடியோ ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள்: படத்தின் பெயர், எத்தனை தகடு, வெளியிட்ட கம்பெனி, ஓடும் நேரம். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 1950க்கு முந்தைய படம் ஏதாவது அதில் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேலூரில் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்