நீர்நாய், வலைக்காரர் – கடிதம்

அன்புள்ள ஐயா,
திருவையாறு பக்கம் என் ஊர். முதுகலை விலங்கியல் படிக்கிறேன். நீர்நாய்க்கு மரபணுக் குறிகாட்டிகள் உருவாக்கும் ஆய்வில் சேரச் சொல்கிறார் பேராசிரியர். 'எச்சம் பொறுக்கவா படிக்க வைத்தேன், பேங்க் பரீட்சை எழுது' என்கிறார் அப்பா. மீனவர்களும் நீர்நாய்க்கு விரோதிகள். சேரலாமா?
செல்வி

அன்புள்ள செல்வி,

பேங்க் பரீட்சை எங்கும் ஓடிவிடாது. அப்பாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளாகக் கொள்ளிடக் கரை நினைப்பாகவே இருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில்.

என் சித்தப்பா அணைக்கரையில் வலை போட்டவர். விடிவதற்குள் நீர்நாய்க் கூட்டம் மணல்திட்டில் ஏறி, ஒரே இடத்தில் கழித்துவிட்டுப் போயிருக்கும். கறுப்பாகப் பிசுபிசுவென்று, உள்ளே மீன் செதிலும் நண்டு ஓடும். வலை கிழிந்த அன்று அவர் வாயில் வராத வசவு கிடையாது. ஆனால் "அணைக்கு மேல உள்ளது ஒரு வம்சம், கீழ உள்ளது ஒரு வம்சம், கொள்வினை கொடுப்பினையே கிடையாதுடா" என்று அடித்துச் சொல்வார்.

1836-இல் கட்டிய அணை அது. அவர் சொன்னது சரியா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புலிபோல இதற்கு வரியா இருக்கிறது? எச்சத்தோடு வரும் டி.என்.ஏ.வில்தான் பார்க்க வேண்டும். அதில் சில இடங்களில் 'சிஏசிஏசிஏ' என்று இரண்டெழுத்து திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது நீர்நாய்க்கு நீர்நாய் மாறும். ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒரு பிரதி, தந்தைவழி ஒரு பிரதி. இந்த இடங்கள்தான் உங்கள் பேராசிரியர் சொல்லும் குறிகாட்டிகள். அப்படிப் பல இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை நீர்நாய், எது எதற்கு உறவு என்று தெரிந்துவிடும். ஐரோப்பிய நீர்நாய்க்கு 1990களின் கடைசியிலேயே இதைச் செய்துவிட்டார்கள். அவர்களுடைய பிரைமர்களில், அதாவது அந்த இடங்களைப் பிடித்துப் படியெடுக்க உதவும் குட்டி டி.என்.ஏ. துண்டுகளில், எவை நம் ஆற்று நீர்நாய்க்கு ஒத்துவரும் என்று சலித்தெடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

அதென்ன, 'மீனவர்கள் விரோதிகள்'? எத்தனை பேரிடம் பேசினீர்கள் அம்மா? அழிவாய்ப்பு இனம் என்று உலகப் பட்டியலில் போட்டாயிற்று, சரி. கிழிந்த வலைக்கு யார் காசு கொடுத்தார்கள்? வெயில் ஏறினால் எச்சத்தில் டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். தஞ்சாவூரில் பஸ் பிடித்துப் பத்து மணிக்கு இறங்கினால் காய்ந்ததுதான் மிஞ்சும். எந்தத் திட்டில் இன்றைக்கு ஈரமாகக் கிடக்கிறது என்று வலைக்காரருக்குத்தான் தெரியும். விரோதி என்று எழுதிவிட்டு எந்த முகத்தோடு அவர் பரிசலில் ஏறுவீர்கள்? முதலில் ஆய்வகத்தை விடுங்கள், அவரோடு போய் உட்காருங்கள். அவர் திட்டுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மடுவில், எந்த மாதத்தில் என்பதெல்லாம் அந்த வசவுக்குள்தான் இருக்கும்.

அப்புறம், கூட்டமே ஓரிடத்தில் கழிப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில், ஆல்கஹாலில் போடுங்கள். எச்சத்து டி.என்.ஏ.வில் இரண்டு பிரதியில் ஒன்று பதிவாகாமல் போவது சகஜம். டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள். வனத்துறை அனுமதிக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் இறங்கிவிட்டால் திட்டெல்லாம் முழுகிவிடும்.